முன்பள்ளியில் விசேட கல்வித் தேவையுடைய பிள்ளைக்கு எவ்வாறு துணை செய்வது?

விசேட கல்வித் தேவை என்பது, தன் வயதையொத்த பிள்ளைகளோடு சேர்ந்து கற்பதற்கும் விளையாடுவதற்கும் ஒரு பிள்ளை மேலதிகமான அல்லது வேறு விதமான உதவியை வேண்டி நிற்கும் நிலையாகும். பேச்சுத் தாமதம், கேட்டல் குறைபாடு, பிறரோடு பேசிப் பழகுவதைக் கடினமாக்கும் ஓட்டிசம் எனக் காரணங்கள் பலவாயினும், காரணத்தின் பெயரைவிட, அந்தப் பிள்ளைக்கு எந்த நேரத்தில் எது கடினமாகிறது என்பதையே ஆசிரியை முதலில் அறிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் 5 ஆண்டுகளில் மூளை மிக விரைவாக வளர்வதால், இந்த வயதில் கிடைக்கும் உதவி ஆழமாகப் பதிகிறது. யாழ்ப்பாணத் தோட்டங்களில் முந்திரிகை (திராட்சை) கொடிக்குப் பந்தல் போடுகிறோம். வடலி எனும் இளம் பனைக்கு அது தேவையில்லை. பந்தலின்றி நிலத்தில் கிடக்கும் கொடியைக் காய்க்காத இனம் என்று எந்தத் தோட்டக்காரரும் சொல்வதில்லை.

முன்பள்ளியில் அந்தப் பந்தல் மிக எளிமையானது. பாட்டு, கை கழுவுதல், சாப்பாடு, வீடு செல்லுதல் ஆகியவற்றைப் படங்களாக வரைந்து, பிள்ளையின் கண்மட்டத்தில் வரிசையாகத் தொங்கவிடலாம். சொன்ன சொல் காற்றோடு போய்விட, படமோ பிள்ளை மீண்டும் பார்க்கும்வரை அங்கேயே இருப்பதால், அடுத்து என்ன நடக்கும் என்ற பதற்றம் குறைகிறது. குறுகிய வசனத்தில் கேட்டுவிட்டு, பதிலுக்காகப் பத்து விநாடியாவது பொறுத்திருங்கள். சத்தம் தாங்காத பிள்ளைக்கு அமைதியான ஒரு மூலை வேண்டும். ஐயம் இருப்பின், பெற்றோர் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமதமின்றிப் பேசலாம்.

படங்களையும் சைகைகளையும் பழக்கினால் பிள்ளை பேசாமலே இருந்துவிடும் எனப் பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் அவை பேச்சைத் தடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சு வருவதற்கே உதவுகின்றன.