பயிற்சி செய்தும் சிறுநீர்க் கசிவு குறையவில்லையா?

வணக்கம் சகோதரி. பிரசவத்துக்குப் பிறகு இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது, இரண்டு மாதமாகக் கெகல் பயிற்சி (சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி) செய்தும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மனம் தளராதீர்கள். நிறையப் பேர் இடுப்புத்தளத் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாக மூச்சை அடக்கிக் கீழே முக்கிவிடுகிறார்கள். அது கசிவைக் கூட்டும். வாயுவை அடக்குவதுபோல் ஆசனவாயைச் சுருக்கி, உள்ளே மேல்நோக்கி இழுங்கள். தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சு இயல்பாக ஓட வேண்டும். அப்புறம் முழுதாகத் தளர்த்துங்கள். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

சிலருக்கு அந்தத் தசை ஏற்கெனவே இறுகிக் கிடக்கும். அவர்களுக்கு இந்தப் பயிற்சியே தொல்லையாகலாம். அதனால் இடுப்புத்தளச் சிகிச்சை தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். உள்பரிசோதனை (பிறப்புறுப்பு வழியாகத் தசையைத் தொட்டுப் பார்ப்பது) உங்கள் சம்மதத்தோடுதான் நடக்கும், கூச்சமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். சரியாகச் செய்தாலும் பலன் தெரிய 3 மாதம் வரை ஆகும்.

இருமல் வருகிறது என்று தெரிந்ததும் தசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள், முக்க முக்கத் தசை தளரும். சிறுநீரில் ரத்தமோ தொடையிடுக்கில் மரத்துப்போவதோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.