கேளுங்க! முக்கால் நிமிஷப் பாட்டும் மூட்டை மூட்டையா கேள்வியும்

போன இதழ்ல ஹார்ட்கோர் பங்க் (சின்னச் சின்னப் பாட்டா, படு வேகமா அடிக்கிற ராக் வகை) ரெக்கார்டுகளப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அவ்ளோதான், வந்த கேள்வியில பாதி அதப் பத்தியே இருக்கு. பாதி திட்டு. சரி வாங்க.

கேள்வி: அண்ணே, நீங்க சொன்னீங்கன்னு மைனர் த்ரெட்ங்கற பேண்டக் கேட்டேன். நிமிர்ந்து உக்காரதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருச்சு. ஒருத்தன் கத்துறான், பின்னாடி தகரக் கூரையில கல்லு விழுற மாதிரி ஒரு சத்தம். இதுல ரசிக்க என்னண்ணே இருக்கு?
(கும்பகோணம் வாசகர்)

பதில்: தம்பி, தகரக் கூரைங்கறது சரியாத்தான் இருக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு பண்ணுங்க, அதே பாட்ட மறுபடி போட்டு கத்துறவர விட்டுட்டு டிரம்ஸ மட்டும் கேளுங்க. ஜெஃப் நெல்சன்னு ஒருத்தர். ஓடுற ஓட்டத்துல நாலு பேரும் ஒரே புள்ளியில சடக்குனு நின்னு அரை நொடி கழிச்சு மறுபடி கிளம்புவாங்க பாருங்க, அதக் காது புடிச்சிருச்சுன்னா அப்புறம் அது வெறும் சத்தம் இல்ல. 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டு மொத்தமே முக்கால் நிமிஷம், அதுக்குள்ள பல்லவி இருக்கு, சரணம் இருக்கு, நடுவுல நிறுத்தம் இருக்கு, இல்லாதது இழுவை மட்டும்தான். அந்தக் கத்துறவரு, இயன் மெக்காய், ஒவ்வொரு வார்த்தையும் கேக்கணும்னு கடிச்சு கடிச்சு சொல்றாரு, மூணாவது தடவ கேட்டா புரியும். மூணு தடவ கேட்டாலும் ரெண்டரை நிமிஷம் ஆகாது, அதுக்குக் கூட நேரமில்லன்னா நம்ம சினிமா பாட்டோட முன்னிசையே உங்களுக்கு ஆகாது.

கேள்வி: ரெக்கார்டிங் ஏன் இவ்ளோ மட்டமா இருக்கு? காசு இல்லையா?
(திருநெல்வேலி வாசகர்)

பதில்: காசு இல்லதான். ஆனா மட்டம்ங்கற வார்த்தைய நான் ஒத்துக்க மாட்டேன், கதையக் கேட்டுட்டு சொல்லுங்க.

மைனர் த்ரெட்டுக்கு முன்னாடி வாஷிங்டன்ல டீன் ஐடில்ஸ்னு ஒரு ஸ்கூல் பசங்க பேண்ட். இயன் அதுல பேஸ் வாசிச்சாரு, ஜெஃப் டிரம்ஸ். ஷோ பண்ணி வந்த காச யாரும் பிரிச்சுக்காம ஒரு டப்பாவுல போட்டு வெச்சாங்க, 1980-ல பேண்ட் கலையுறப்ப எண்ணிப் பாத்தா சுமார் 600 டாலர். பங்கு போட்டா ஆளுக்கு நூத்தம்பது டாலர் தேறும், போடல. ஏற்கெனவே ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்த 8 பாட்ட ஒரு செவன் இன்ச் இபியா (ஏழு இன்ச் சின்ன ரெக்கார்டு) 1000 காப்பி அடிச்சாங்க. இத்தனைக்கும் பேண்டே இல்ல அப்போ! அந்த ஒரு ரெக்கார்ட வெளியிட ஆரம்பிச்சதுதான் டிஸ்கார்ட் லேபிள்.

கவர் எப்படி பண்றதுன்னு யாருக்கும் தெரியாது. கையில இருந்த ஒரு 45 ஆர்பிஎம் ரெக்கார்டோட உறைய ஒட்டு பிரிச்சு, விரிச்சு வெச்சு, அளவு எடுத்து, அதே மாதிரி அச்சடிச்சு வீட்டுல உக்காந்து வெட்டி மடிச்சு பசை போட்டு ஒட்டினாங்க. நம்ம ஊர்ல சின்ன வயசுல பேப்பர் கவர் ஒட்டி பெட்டிக்கடைக்குக் குடுத்தவங்களுக்கு அந்த விரல் வலி தெரியும். பின்னாடி வந்த ரெக்கார்டுகளுக்கும் இப்படி ஆயிரக்கணக்குல கையாலயே ஒட்டினாங்க.

பதிவு பண்ண இடம் இன்னர் இயர், ஆர்லிங்டன்ல டான் ஸியன்டாராங்கறவரு தன் வீட்டுக் கீழ்த்தளத்துல வெச்சிருந்த ஸ்டுடியோ. குடும்பம் குடியிருக்கிற வீடுங்க. பசங்க ஷோவுல வாசிக்கிற மாதிரியே வாசிச்சாங்க, அவரு அதக் கெடுக்காம புடிச்சு வெச்சாரு. அதே காலத்துல பெரிய கம்பெனிங்க போட்ட ராக் ஆல்பத்துல டிரம்ஸ் ஏதோ கல்யாண மண்டபத்துக்குள்ள அடிச்ச மாதிரி எதிரொலி போட்டு கேக்கும், இங்க ரூம்ல நீங்க நிக்கிறீங்க, உங்க முழங்கால் பக்கத்துல டிரம்ஸ். எனக்கு இதுதான் நல்ல ரெக்கார்டிங்.

கவர் படத்தப் பத்தி ஒண்ணு சொல்லிடறேன், எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். டீன் ஐடில்ஸ் கவர்ல எக்ஸ் போட்ட ரெண்டு முஷ்டி இருக்கும், அது இயனோட தம்பி அலெக் கை. அடுத்த வருஷம் வந்த மைனர் த்ரெட் முதல் இபி கவர்ல படிக்கட்டுல உக்காந்து முட்டியில தல கவுத்து ஒரு மொட்டத்தல பையன் இருப்பான், அதுவும் அதே தம்பிதான். மாடலுக்கு எங்க போவாங்க, வீட்டுல எவன் சும்மா இருக்கானோ அவன். அந்தப் படிக்கட்டுப் படத்த 2005-ல நைக்கி கம்பெனி ஒரு ஸ்கேட்போர்டு டூர் போஸ்டருக்கு அப்படியே போட்டு 'மேஜர் த்ரெட்'னு பேரையும் மாத்தி வெச்சு, எல்லாரும் கிழிச்சதும் மன்னிப்பு கேட்டுச்சு.

கேள்வி: ஒழுங்கா வாசிக்கத் தெரியாதவங்கதான் இப்படி வேகமா அடிச்சு ஒப்பேத்துறாங்கன்னு என் பிரண்ட் சொல்றான், அவன் கீபோர்டு கிளாஸ் போறவன்.
(சேலம் வாசகி)

பதில்: உங்க பிரண்டுக்கு பேட் பிரெய்ன்ஸ் போட்டுக் காட்டுங்கம்மா. அதே வாஷிங்டன், நாலு பேரும் கறுப்பின இளைஞர்கள், பங்க் இசைக்கு வர்றதுக்கு முன்னாடி மைண்ட் பவர்னு பேரு வெச்சு ஜாஸ் ஃப்யூஷன் வாசிச்சிட்டு இருந்தவங்க. வாசிக்கத் தெரிஞ்சவன் வேகமா வாசிச்சா எப்படி இருக்கும்னு 1980-ல வந்த அவங்க முதல் சிங்கிள்லயே தெரியும், ஒன்றரை நிமிஷம்தான், விரல் எங்க போகுதுன்னு கீபோர்டு மாஸ்டரே சொல்லட்டும். 1982-ல ரோர்ங்கற (ROIR) நியூயார்க் கம்பெனி அவங்க முதல் ஆல்பத்த எல்பியா போடாம கேசட்டா மட்டும் போட்டுச்சு, மஞ்ச கவர், அமெரிக்க நாடாளுமன்றக் கோபுரத்து மேல இடி விழுற படம். அதுல அஞ்சு பாட்டு தலை தெறிக்க ஓடி முடிஞ்சு திடீர்னு ஒரு ரெகே (ஜமைக்காவோட நிதானமான தாள இசை) பாட்டு வரும், அப்படியே நிழல்ல வந்து உக்காந்த மாதிரி இருக்கும், அந்த ரெகேவ ஸ்கிப் பண்ணி கேக்கறவங்களோட எனக்குப் பேச்சே கிடையாது.

கேள்வி: இவங்க தண்ணி, தம் எதுவும் கிடையாதாமே, நெசமா?
(மதுரை வாசகர்)

பதில்: எல்லாரும் இல்ல. இயன் அப்படி. மேல சொன்ன 'ஸ்ட்ரெய்ட் எட்ஜ்' பாட்டு அதப் பத்தினதுதான், பின்னாடி அதுவே ஒரு கூட்டத்துக்குப் பேராயிருச்சு. கையில எக்ஸ் போடறது வேற கதை, டீன் ஐடில்ஸ் பசங்க கலிபோர்னியா போனப்ப சான் பிரான்சிஸ்கோ கிளப் ஒண்ணுல, இவன் சின்னப் பையன், பார்ல சரக்கு குடுக்காதேன்னு அடையாளத்துக்கு மார்க்கர்ல எக்ஸ் போட்டு உள்ள விட்டாங்க. ஊருக்கு வந்து நம்ம கிளப்புலயும் இதே மாதிரி பண்ணி எங்கள உள்ள விடுங்கன்னு கேட்டாங்க. ஆக குடிக்காம இருக்கறதுக்கு எடுத்த சபதம் இல்ல அது, பாட்டு கேக்க கிடைச்ச கேட் பாஸ். நாளாக நாளாக சில பேரு இத மடாதிபதி ரேஞ்சுக்கு கொண்டு போனாங்க, அது எனக்கு ஒவ்வாது.

கேள்வி: சார், பிளாக் ஃபிளாக் பேண்டோட 'மை வார்' எல்பி ரெண்டாவது பக்கம் என் பிளேயர்ல ரொம்ப ஸ்லோவா ஓடுது. பெல்ட் மாத்தணுமா?
(கோவை வாசகர்)

பதில்: சிரிச்சு முடிச்சிட்டு எழுதறேன் சார். பெல்ட் நல்லாத்தான் இருக்கு, பாட்டே அப்படித்தான்!

அந்தப் பக்கத்துல மொத்தம் மூணே பாட்டு, ஒவ்வொண்ணும் ஆறு நிமிஷத்துக்கு மேல. இதே பேண்ட் 1979-ல போட்ட முதல் இபில 4 பாட்டும் சேர்ந்து அஞ்சு நிமிஷத்த ஒட்டித்தான் வரும். நடுவுல என்ன ஆச்சுன்னா, 'டேமேஜ்ட்' ஆல்பத்துக்கு அப்புறம் யூனிகார்ன்ங்கற கம்பெனியோட கோர்ட் கேஸ், சொந்தப் பேருல ரெக்கார்ட் போடக் கூடாதுன்னு தடை. பேண்ட் பேரப் போடாம ஆளுங்க பேர மட்டும் போட்டு ஒரு பழைய பாட்டுத் தொகுப்ப வெளியிட்டாங்க, அதுக்கும் கோர்ட் அவமதிப்புன்னு கிட்டார் கிரெக் கின்னும் பேஸ் சக் டுகோவ்ஸ்கியும் அஞ்சு நாள் ஜெயிலுக்குப் போனாங்க. அந்தக் கேஸ் முடிஞ்சு 1984-ல வந்ததுதான் உங்க எல்பி. வேகத்துக்காக வந்த கூட்டம் அன்னைக்கு இதக் கேட்டு கடுப்பானது, ஆனா மெல்வின்ஸ் மாதிரி மெதுவா, கனமா வாசிக்கிற பேண்டுங்க இந்தப் பக்கத்துல இருந்துதான் கிளம்புச்சு. எனக்கும் முதல் தடவ எரிச்சல்தான் வந்துச்சு சார், ஒரு மழை நாள் சாயங்காலம் கரண்ட் வந்து போயி வந்து போயி இருந்தப்ப கேட்டேன், அப்பத்தான் புடிச்சுது.

கேள்வி: மைனர் த்ரெட் ஒரிஜினல் பிரஸ் (அன்னைக்கு முதல்ல அடிச்ச காப்பி) வாங்க சேத்து வெச்சிட்டு இருக்கேன். சரியா?
(சென்னை வாசகர்)

பதில்: வேணாங்க. ஒட்டின பசையப் பாக்கணும்னு ஆசைன்னா உங்க காசு உங்க இஷ்டம். பாட்டுக்குன்னா, டிஸ்கார்டே 1989-ல 'கம்ப்ளீட் டிஸ்காக்ரஃபி'ன்னு ஒரே சிடியில 26 பாட்டும் போட்டுட்டாங்க. 1980-ல இருந்து 83 வரைக்கும் இருந்த பேண்டோட ரெக்கார்டு எல்லாம் சேந்து 47 நிமிஷம்.

கேள்வி: சத்தமா வெச்சா பக்கத்து வீட்டு ஆன்ட்டி சண்டைக்கு வர்றாங்க. என்ன பண்ண?
(திருச்சி வாசகி)

பதில்: அவங்க செருப்பு மாட்டிட்டு உங்க வாசலுக்கு வர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சிருக்கும். 'மை வார்' ரெண்டாவது பக்கத்த மட்டும் ஹெட்போன்ல கேளுங்க.