பாட்டி கோழையா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மில்ட்ரெட் டி. டெய்லர் எழுதிய 'ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை' நாவலைப் பாதி படித்துவிட்டுக் கோபத்தில் மூடி வைத்துவிட்டாள். அதில் ஒரு கறுப்பினச் சிறுமியை வெள்ளைக்காரர் ஒருவர் கையை முறுக்கித் தெருவில் தள்ளுகிறார். பாட்டியோ பேத்தியையே மன்னிப்புக் கேட்க வைக்கிறாள். "இந்தப் பாட்டி சுத்தக் கோழைம்மா" என்கிறாள் மகள். நான் என்ன சொல்வது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: உங்கள் மகளுக்குக் கோபம் வந்தது நல்லதுதான். அதை அவசரமாக ஆற்றிவிடாதீர்கள். முக்கியமாக, 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த வயதில் யாராவது அதைச் சொன்னாலே நான் எழுந்து போய்விடுவேன்.

கதை நடப்பது 1933-இல், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில். அதைச் சொல்கிற கேஸிக்கு ஒன்பது வயது. அவளுக்குத் தெரிந்தது கை வலியும் அவமானமும்தான். பாட்டி மனதில் என்ன ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதனால் உங்கள் மகளுக்கும் தெரியவில்லை. பாட்டிக்கு அந்த ஊரைத் தெரியும். வெள்ளையர் சிலர் ஒரு கறுப்பினக் குடும்பத்து ஆண்களுக்குத் தீ வைத்த செய்தி நாவலின் தொடக்கத்திலேயே வருகிறதே, மகளிடம் அந்த இடத்தை ஞாபகப்படுத்துங்கள்.

கதைக்காக ஊதிப் பெருக்கியது என்று நினைக்க வேண்டாம். அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1955-இல், அதே மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவனைக் கடத்திக் கொன்றார்கள். கடையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்தான் என்பதுதான் அவன்மேல் சொன்ன பழி. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளிகளை விடுவித்தது. சில மாதங்களில் அவர்களே ஒரு பத்திரிகையிடம், கொன்றது நாங்கள்தான் என்று சொன்னார்கள்.

அதற்காகப் பாட்டி செய்தது சரி என்றும் வாதாடாதீர்கள். நாவலில் கேஸியின் அம்மாவும் வாதாடவில்லை. பாட்டி பயந்தது உனக்காகத்தான் என்று மகளிடம் மெல்ல எடுத்துச் சொல்கிறாள், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கதையில் மிகவும் பிடித்தவள் அந்த அம்மாதான். அவள் பள்ளி ஆசிரியை. வெள்ளையினப் பள்ளியில் கிழிந்து கந்தலான புத்தகங்கள்தான் இவர்கள் பள்ளிக்கு வரும். எந்த வருஷம் எந்த இனத்துப் பிள்ளையிடம் போனது, எந்த நிலையில் போனது என்ற பட்டியல் அட்டையின் உள்பக்கத்தில் இருக்கும். மிக மோசம் என்று குறித்த பிறகுதான் கறுப்பினப் பிள்ளைக்கு. கேஸியின் ஆறு வயதுத் தம்பி அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தை வீசி எறிந்து மிதிக்கிறான், அடியும் வாங்குகிறான். அம்மா சத்தம் போடவில்லை. தாளை வெட்டி, பசை தடவி, அந்தப் பட்டியல்மேல் ஒட்டிவிடுகிறாள். அப்புறம், அடிமை முறையைப் பற்றிப் புத்தகத்தில் இல்லாததை வகுப்பில் சொன்னதற்காக வேலையையும் இழக்கிறாள்.

மகளை மீதியையும் படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களும் படியுங்கள். கேஸி அந்தக் கணக்கை விடவில்லை. பல நாள் காத்திருந்து தன் வழியில் தீர்க்கிறாள். எப்படி என்று இங்கே எழுதினால் உங்கள் மகள் என்னைச் சும்மா விடமாட்டாள்! முடித்ததும் பாட்டியைப் பற்றி இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். அப்போதும் கோழை என்றால், சரி, விட்டுவிடுங்கள்.