150 குதிரைசக்தி டொயோட்டாவுக்கு பத்து லட்சம் டாலரா?

1960கள்ல வந்த ஸ்போர்ட்ஸ் கார், டொயோட்டா 2000ஜிடி ஒன்னு, பழைய கார் சேகரிக்கிற கலெக்டர்களுக்காக விற்பனைக்கு வந்துருக்கு, விலை பத்து லட்சம் டாலருக்கு மேல போகும்ங்கறாங்க, 2 லிட்டர் இன்ஜினுக்கு எவன் குடுப்பான்னு கேட்டிருக்கீங்க. குடுப்பாங்க. 2013லயே அமெரிக்காவுல ஒரு ஏலத்துல 11 லட்சத்து 55 ஆயிரம் டாலருக்கு ஒன்னு போச்சு. 2022ல போனது இன்னும் பெருசு, 25 லட்சத்து 35 ஆயிரம், ஆனா அது 1968ல கேரல் ஷெல்பிங்கற பேர்போன அமெரிக்க ரேஸ்காரரோட டீம் அங்க ரேஸுக்கு எறக்குன கார், அந்தக் கணக்கே வேற.

நான் நாலு வருஷம் ஜப்பான்ல, ஐச்சி பக்கம் வேலை பாத்தேன். ரூம்லேர்ந்து சைக்கிள்ல போற தூரத்துல பழைய கார் விக்கிற கடை ஒன்னு. எல்லா வண்டிக்கும் கண்ணாடில விலை அட்டை இருக்கும், உள்ள வெள்ளையா நின்ன ஒரு 2000ஜிடிக்கு மட்டும் நம்பர் இல்ல, 'ஆஸ்க்'னு மட்டும் போட்டிருந்துச்சு. அப்படின்னா விலைய நேர்ல கேட்டுக்கணும்னு அர்த்தம், கேக்குறவன் மூஞ்சிய பாத்துட்டு சொல்லுவாங்க. என் மூஞ்சிய பாத்துட்டு டீ குடுத்தாங்க.

ஆனா கடைக்கார பெரியவர் நல்ல மனுஷன், ஷூவ கழட்டிட்டு உள்ள உக்காந்து பாருன்னாரு. காரோட மொத்த உயரமே 116 சென்டிமீட்டர், நான் 5 அடி 10, தலை கூரைல முட்டுது, முட்டி ஸ்டீரிங்ல இடிக்குது. (ஷான் கானரி இதுக்குள்ள அடங்கலன்னுதான் 1967ல வந்த பாண்ட் படத்துக்கு ரெண்டு காரோட கூரைய வெட்டி எடுத்தாங்க, மத்தபடி திறந்த மாடல்னு ஒன்னு கடைக்கு வந்ததே இல்ல.) டேஷ்போர்டு மரத்த தடவி காட்டி யமஹா, யமஹான்னாரு. பியானோ பண்ற அதே யமஹாதான். டொயோட்டா கிரவுன் காரோட ஆறு சிலிண்டர் இன்ஜின் பிளாக்க எடுத்து அதுக்கு ட்வின் கேம் ஹெட், அதாவது வால்வ ஆட்டுற தண்டு ரெண்டு இருக்குற மேல்பாகம், பண்ணது அவங்க, ஷிஸுவோகா மாகாணத்துல இவாத்தாங்கற ஊர்ல கிட்டத்தட்ட கையாலயே கார கோத்ததும் அவங்க, டேஷ்போர்டு மரம் அவங்க வாத்தியக்கருவி பிரிவுலேர்ந்து வந்தது.

150 குதிரைசக்தி, 220 கிலோமீட்டர் வேகம், இன்னிக்கு இது ஒன்னுமே இல்லதான். ஆனா 1966 அக்டோபர்ல ஜப்பான்ல யாத்தாபேங்கற டெஸ்ட் டிராக்ல புயல் மழைக்குள்ள 78 மணி நேரம் ஓட்டி, 3 உலக சாதனை, 13 சர்வதேச சாதனை பண்ணாங்க. அதுவரைக்கும் ஜப்பான் கார்னா சின்ன கார், சிக்கன கார்னுதான் உலகத்துக்கு நினைப்பு. விலை மட்டும் சிக்கனமில்ல, 23 லட்சத்து 80 ஆயிரம் யென், அந்தக் காசுக்கு அப்ப அஞ்சு கொரோலா வாங்கிட்டு மிச்சமும் வெச்சுக்கலாம். அதனால 1967லேர்ந்து 1970 வரைக்கும் பண்ணது மொத்தம் 337ன்னு ஒரு கணக்கு, 351ன்னு இன்னொரு கணக்கு, எப்படி பாத்தாலும் ஒரு கல்யாண மண்டபத்துல பந்தில உக்காருற கூட்டம்தான். கலெக்டர் காசு குடுக்குறது இதுக்குத்தான், வேகத்துக்கு இல்ல.

நெஜமாவே வாங்குற ஆளுக்கு யோசனை கேட்டா, நான் பெயின்ட்ட கடைசிலதான் பாப்பேன். சேசிஸ் நம்பர் எம்எஃப்10னு ஆரம்பிக்குதா, உள்ள இருக்கறது அந்த வண்டியோடவே பொறந்த, 3எம்ங்கற அந்த ட்வின் கேம் இன்ஜினா, இல்ல நடுவுல எவனாவது மாத்திட்டானா, மெக்னீசியம் சக்கரம் ஒரிஜினலா, இதுலதான் காசு நிக்குது. இடது பக்க ஸ்டீரிங் வெச்சு போனதே அறுபது சொச்சம்தான், அதனால அப்படி ஒன்னு வந்தா ஃபேக்டரிலயே அப்படியா, அப்புறம் மாத்துனதான்னு பேப்பர கேளுங்க. கியர்பாக்ஸ் சாமானெல்லாம் 2020லேர்ந்து டொயோட்டாவே திரும்ப பண்ணி விக்குது, சாமான் கெடைக்காதோங்கற பயம் கொஞ்சம் கொறஞ்சிருக்கு. ஐச்சிலயே ஒக்காசாகில ராக்கி ஆட்டோன்னு ஒரு கம்பெனி இதே உருவத்துல ரெப்ளிகா, அதாவது நகல் கார், பண்றாங்க, 3000ஜிடின்னு பேர் போட்டு நேர்மையாத்தான் விக்கிறாங்க. நான்தான் ரோட்டுல ஒன்ன பாத்துட்டு ஒரிஜினல்னு நினைச்சு பின்னாடியே சைக்கிள மிதிச்சேன்.

ரெண்டு மாசம் கழிச்சு அந்தக் கடைக்கு திரும்ப போனேன், வெள்ளை கார் இல்ல. அந்த இடத்துல பழைய செலிகா ஒன்னு, விலை அட்டையோட. அதுவும் நம்மால ஆகாது, ஆனா டீ குடுத்தாங்க.