சூடான பண்டத்தை பிளாஸ்டிக்கில் வாங்காதீர்கள்: வடசென்னை வீடுகளின் கேள்விகள்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கத்து வீடுகளிலிருந்து வந்த கேள்விகளுக்கு, வேதியியல் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர் சொன்ன பதில்கள்.

டீச்சர், வீட்டில் எதைத் தொட்டாலும் பிளாஸ்டிக்தான். எங்கிருந்து ஆரம்பிப்பது? (கொருக்குப்பேட்டை)

இருப்பதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்காதீர்கள் அம்மா. அது வீண் செலவு, தூக்கிப் போட்டதும் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குத்தான் போய்ச் சேரும். சூடு, எண்ணெய், புளிப்பு இந்த மூன்றும் உங்கள் வீட்டில் எங்கே பிளாஸ்டிக்கைத் தொடுகின்றன என்று பாருங்கள். வளைந்து கொடுக்கவும் நிறம் பிடிக்கவும் பிளாஸ்டிக்கில் பல ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள். சூடு பட்டால் அவை சீக்கிரம் சாப்பாட்டில் இறங்கும், எண்ணெய்ப் பசை இருந்தால் இன்னும் சுலபம். தாலேட், பிஸ்பீனால் ஏ போன்றவை நம் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடக்கூடியவை. பிஸ்பீனால் ஏ தினமும் எவ்வளவு வரை உடலில் சேரலாம் என்று முன்பு சொன்ன அளவை, 2023ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 20,000 மடங்கு குறைத்துவிட்டது.

அதனால் ஊறுகாய், எண்ணெய், குழம்பு, பிள்ளையின் மதியச் சாப்பாடு ஆகியவற்றை முதலில் எவர்சில்வருக்கோ கண்ணாடிக்கோ மாற்றுங்கள். துவரம்பருப்பு, உளுந்து இருக்கும் டப்பா அப்படியே இருக்கட்டும். உடைந்தால் அப்புறம் பார்க்கலாம்.

நான் டீக்கடை வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் கப்பை விட்டு பேப்பர் கப்புக்கு வந்துவிட்டேன். அது பரவாயில்லைதானே? (தண்டையார்பேட்டை)

இல்லை அண்ணே. காகிதம் ஊறாமல் இருக்க உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூசியிருக்கிறார்கள். காரக்பூர் ஐஐடியில் அப்படிப்பட்ட கப்பில் 100 மில்லி வெந்நீரைக் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள், சுமார் 25,000 பிளாஸ்டிக் நுண்துகள்கள் கலந்திருந்தன. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த பொருட்களின் பட்டியலிலும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் இருக்கிறது. கண்ணாடி கிளாஸை வைத்து வெந்நீரில் கழுவிக் கொடுங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை பார்சல்தான். கொதிக்கும் டீயைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுத் தருகிறார்கள், ஓட்டலில் சாம்பாரும் வடகறியும் அப்படியே. அந்தச் சூட்டிலேயே அரை மணி நேரம் கழித்துப் பிரித்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுகிறோம். வீட்டுக்கு ஒரு தூக்கு வேண்டும். வேலைக்குப் போகிறவர் பையிலேயே அது கிடக்கட்டும், திரும்பும்போது வாங்கி வர வசதி.

லாரித் தண்ணீரை பிளாஸ்டிக் குடத்தில்தானே பிடிக்கிறோம்? எவர்சில்வர் குடம் தூக்க முடியவில்லை. (வியாசர்பாடி)

பிடித்துத் தூக்குவதற்கு பிளாஸ்டிக் குடமே போதும், இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். குடிக்கிற தண்ணீரை மட்டும் வீட்டுக்கு வந்ததும் எவர்சில்வர் பாத்திரத்துக்கோ மண்பானைக்கோ மாற்றிவிடுங்கள். குடத்தை வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள், கேன் தண்ணீருக்கும் இதேதான்.

இன்னொன்று. 2024ல் சீனாவில் ஒரு ஆய்வு நடந்தது. உப்புத்தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தச் சுண்ணாம்பு பிளாஸ்டிக் துகள்களையும் பிடித்துக்கொண்டு கீழே இறங்குகிறதாம். ஐந்து நிமிடம் கொதித்த பிறகு வடிகட்டினால், சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் 90 சதவீதம் வரை போய்விட்டது. சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் இவ்வளவு பலன் இல்லை. ஆறவைத்துத் தெளிந்ததை மேலாக, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள்.

இந்தத் துகள்கள் உடம்புக்குள் போனால் என்ன ஆகும்? பயமாக இருக்கிறது. (பெரம்பூர்)

2024ல் வெளியான ஒரு ஆய்வுக்காக, இத்தாலியில் கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தவர்களை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். அடைப்பில் பிளாஸ்டிக் துகள் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் ஆபத்து, துகள் இல்லாதவர்களைவிடச் சுமார் நாலரை மடங்கு. துகள்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்றுதான் சொல்கிறது. பயத்தில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் அம்மா, மேலே சொன்ன சூடான பண்டங்களில் கவனமாக இருங்கள்.

மீன் விற்கிறேன். கை வீசிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கவரில் போடாமல் எதில் போடுவது? (காசிமேடு)

வாடிக்கையாக வருகிறவர்களிடம் “அடுத்த தடவை பாத்திரம் எடுத்துட்டு வாங்க” என்று சொல்லிப் பாருங்கள், கொண்டு வந்தால் ஒரு மீன் கூடப் போடுங்கள். பழைய ஒயர் கூடையும் பிளாஸ்டிக்தான், ஆனால் பல வருஷம் உழைக்கும், அதைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்.

பால் கவரை என்ன செய்வது? (ராயபுரம்)

வெட்டும்போது மூலையைத் துண்டாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தக் குட்டித் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், கால்வாய்க்குத்தான் போகும். கவரோடு தொங்கும்படி வெட்டி, அலசி, காயவைத்துச் சேர்த்து வைத்தால் காயலான் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஒரு கவரைக் கொளுத்துவது வழக்கம். ஒரே ஒரு கவர்தானே?

வேண்டவே வேண்டாம். பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை கலந்திருந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும், அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. எந்தப் பிளாஸ்டிக் எரிந்தாலும் புகை நுரையீரலுக்குக் கேடு, அடுப்படியில் நிற்பவர்தான் முதலில் இழுக்கிறார். தேங்காய் நார் போதும்.

மணலியில் இத்தனை ஆலைகள் இருக்க, நான் ஒரு கவரை விட்டால் என்ன மாறும்? (மாதவரம்)

நியாயமான கோபம் தம்பி. பிளாஸ்டிக் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் வருகிறது. ஷாம்பு, சிப்ஸ் பாக்கெட் பல அடுக்காக ஒட்டியது, காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். தயாரிக்கிற கம்பெனியே அதைத் திரும்ப எடுக்கப் பொறுப்பு என்று 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளே சொல்கின்றன. அதைக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு. நகரத்துக் குப்பையில் ஒரு பெரிய பங்கு சுமார் 350 ஏக்கர் பரப்புள்ள கொடுங்கையூர் மேட்டில்தான் கொட்டப்பட்டு வந்தது. அது தீப்பிடிக்கும்போது இருமுவது நம் பிள்ளைகள். கவுன்சிலரிடமும் மாநகராட்சியிடமும் விடாமல் கேளுங்கள். ஆனால் உங்கள் வீட்டுச் சாம்பார் எதில் வருகிறது என்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அடுத்த மாதம் தங்கை கல்யாணம். பந்தியில் தண்ணீர் பாட்டில் வைக்காவிட்டால் பேசுவார்களே? (வண்ணாரப்பேட்டை)

சாப்பாடு வாழை இலையில் நன்றாக இருந்தால் பாட்டிலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பாத்திரம் வாடகைக்கு விடும் கடையில் எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் எடுங்கள். ஒரு பந்திக்கு எத்தனை இலையோ அதைப் போல இரண்டு மடங்கு டம்ளர் வேண்டும், ஒரு பந்தி நடக்கும்போது இன்னொன்று கழுவப்படும். கழுவ இரண்டு பேர் தனியாக வேண்டும் என்று சமையல்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், கடைசி நேரத்தில் ஆள் கிடைக்க மாட்டார்கள்.