'சாத்தானிக்கோ பாண்டெமோனியம்' படத்தை ஒரு கத்தோலிக்கர் பார்க்கலாமா?

நீங்கள் கத்தோலிக்கக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்றும், 1996இல் வந்த 'ஃப்ரம் டஸ்க் டில் டான்' படத்தில் சல்மா ஹயெக் ஏற்ற பாத்திரத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போய் இந்த மெக்சிகோ படத்தை வந்தடைந்திருக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன். நானும் அந்த வழியாகத்தான் வந்தேன். பார்க்கலாம், ஆனால் கடைசி நிமிடம்வரை பார்ப்பதாக இருந்தால் மட்டுமே. பாதியில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம்.

முடிவைச் சொல்லாமல் இதை விளக்க முடியாது. 1975இல் வந்த படம் என்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் சிலர் மாதம் ஒரு படம் சேர்ந்து பார்த்து வந்தோம். என் முறை வந்தபோது இதைத் திரையிட்டேன். மடத்தில் எல்லோராலும் நேசிக்கப்படும் சிஸ்டர் மரியாவின் முன், பூ பறிக்கும் வெளியில் ஓர் ஆண் ஆடையின்றி வந்து நிற்கிறான். அவன்தான் லூஸ்பெல், அதாவது சாத்தான். மரியா உடலில் முள்ளைக் கட்டிக்கொள்கிறாள், தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொள்கிறாள், அப்படியும் அவன் ஆப்பிளோடு திரும்பத் திரும்ப வருகிறான். பாதிப் படம் ஓடியிருக்கும். நாங்கள் கூடியிருந்த வீட்டுக்கு உரிய நண்பர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார். ஆபாசத்துக்கு அங்கி மாட்டிவிட்டிருக்கிறார்கள் என்று ஒரே வரியில் தீர்ப்பும் சொன்னார். அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் என்னைப் படம் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை.

இதை ஒரு காவியம் என்று நான் வாதாடவில்லை. உடலைக் காட்டி டிக்கெட் விற்க எடுத்த படம்தான். 'எக்சார்சிஸ்ட்' என்ற பேயோட்டும் படத்தின் பெயரைத் திரித்து 'லா செக்சோர்சிஸ்தா' என்று துணைத்தலைப்பு வைத்தவர்களிடம் வேறு நோக்கம் இருந்ததாக நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். ஆடு மேய்க்கும் சிறுவன் வரும் பகுதிக்கு நான் வக்காலத்து வாங்கவே மாட்டேன். ஆனால் இயக்குநர் கில்பெர்த்தோ மார்ட்டினெஸ் சொலாரெஸ் அப்போது எழுபதை நெருங்கியவர், தின் தான் என்ற நகைச்சுவை நடிகரை வைத்து 1940களிலேயே பெரும் வெற்றி கண்டவர். மடத்துக்குள் கறுப்பினப் பெண்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதைக் காட்ட அவருக்குத் தோன்றியிருக்கிறது. காலனிய மெக்சிகோவின் மடங்களில் அடிமைகள் இருந்தது வரலாறு.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வழிபாட்டிடத்துக்கு வெளியே துறவற உடை அணிவதை மெக்சிகோவில் அதிபர் காயெஸ் 1926இல் கொண்டுவந்த சட்டம் குற்றமாக்கியது. நடைமுறையில் கண்டும் காணாமல் விட்டாலும், திருச்சபை மீதான கட்டுப்பாடுகள் 1992ஆம் ஆண்டுத் திருத்தம் வரை அரசமைப்பில் நீடித்தன. அதாவது, தெருவில் அந்த உடைக்குச் சட்டப்படி இடமில்லாத நாட்டில், அந்த உடையின் மீதே எடுத்த படம் இது. ஐரோப்பாவில் அதே காலத்தில் வந்த மடாலயப் படங்களோடு இதைச் சேர்த்துப் பட்டியல் போடுகிறவர்கள் இதை ஒருநாளும் குறிப்பிடுவதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

இப்போது முடிவு. நாம் பார்த்த கொலைகளும் காமமும் மரியா செய்தவை அல்ல. அவள் கொள்ளைநோயில் சாகக் கிடக்கிறாள். எல்லாம் காய்ச்சல் வேகத்தில் கண்டவை. அன்று அறையில் இருந்தவர்களுக்கு இது தெரியாமலே போயிற்று.

குழுவில் அவமானப்பட்ட பிறகு, வீட்டில் தனியாக அதை மீண்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அத்தை ஒருவர் கன்னியாஸ்திரி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவமனையில் செவிலியாக இருந்தவர். விடுமுறைக்கு வந்திருந்தவர் கடைசிச் சில நிமிடங்களில் அறைக்குள் வந்துவிட்டார், எனக்கு அணைக்கவும் நேரமில்லை. படுக்கையில் கிடந்தவளைப் பார்த்து என்ன நோய் என்று கேட்டார். சொன்னேன், அதற்கு முன் நடந்ததையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "காய்ச்சல் தலைக்கேறினால் அப்படித்தான் தம்பி. செய்யாத பாவத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள். நல்ல சிஸ்டர்கள்தான் அதிகமாகக் கேட்பார்கள்" என்றார். சோர் குவானா இனெஸ் டெ லா குரூஸ் என்ற மெக்சிகோவின் பெருங்கவிஞர் 1695இல் தன் மடத்தில் நோயுற்ற சகோதரிகளைப் பேணியபடியே அந்தத் தொற்றுக்குப் பலியானதை அவரிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் சிலுவை வரைந்துகொண்டார்.

பார்ப்பதாக இருந்தால் ஸ்பானிய ஒலியிலேயே பாருங்கள். லூஸ்பெலாக வரும் என்ரிக்கே ரோச்சாவின் ஆழ்ந்த குரல்தான் அவனுக்குப் பாதி வேலையைச் செய்கிறது. உங்கள் வீட்டிலும் அத்தை இருந்தால் கதவைத் தாழிட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் என் அத்தை வாய்ப்பதில்லை.