பாதி வீட்டில் மட்டும் கரண்ட் இல்லை!

கேள்வி: நேற்று ராத்திரி மழையில் ஹாலிலும் படுக்கையறையிலும் திடீரென்று கரண்ட் போய்விட்டது. சமையலறை விளக்கும் ஃபிரிட்ஜும் மட்டும் ஓடுகின்றன. எதிர்வீட்டிலும் இதே கதைதான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதா, மின்வாரியத்துக்குச் சொல்வதா?
- வாசகி, காசிமேடு

பதில்: எதிர்வீட்டிலும் இதே கதை என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. உங்களுடையது மூன்று ஃபேஸ் இணைப்பாக இருக்கும், அதாவது கரண்ட் மூன்று தனித்தனிக் கம்பிகளில் வரும். அதில் ஒரு ஃபேஸ் போனால் அதில் கொடுத்திருக்கும் அறைகள் மட்டும் இருட்டாகும், மற்றவை பாட்டுக்கு ஓடும். மெயின் பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று குட்டி விளக்குகள் இருந்தால் பாருங்கள். ஒன்று அணைந்திருந்தால் கோளாறு பெரும்பாலும் தெருப் பெட்டியில்தான், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். மின் இணைப்பு எண் கையில் இருக்கட்டும், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மூன்றும் எரிகிறதா? அப்படியானால் மெயின் பெட்டியில் கீழே இறங்கிக் கிடக்கும் எம்.சி.பி.யை (கோளாறு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) தேடுங்கள். அந்த அறைகளின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, கை ஈரமில்லாமல், ஒரே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். மறுபடி விழுந்தால் எலக்ட்ரீஷியன்தான். அவர் வந்தால் ஃபியூஸ் கேரியரையும் (ஃபியூஸ் கம்பி மாட்டியிருக்கும் கட்டை) கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் ஏரியா உப்புக் காற்றில் செம்பு முனை பச்சை பூத்துப்போவது சகஜம்.

அப்புறம் ஒன்று. சில விளக்குகள் மங்கியும் சில கண் கூசும்படியும் எரிந்தால் ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம், உடனே மெயினை அணையுங்கள்: நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்திருக்கலாம், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரைகூட ஏறி ஃபிரிட்ஜையும் டிவியையும் பொசுக்கிவிடும்.